தொண்ணூறு யூனிட்

கூரைக்குள் விளக்கு பதிக்கிற வேலையில் எந்த எலெக்ட்ரீஷியனும் "இவ்வளவு வேண்டாம், குறைச்சுக்கோங்க" என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டான். வாட்டுக்காரர் சொன்னார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வாட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட எத்தனை வாட் என்பதில்தான் பதிலைத் தொடங்குவார் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்கள் எல்லாரும், வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். இருபது வருஷத் தொழிலில் மனிதர் சம்பாதித்து வைத்தது ஒரு பேர் மட்டும்தான்: அவர் போட்ட விளக்கு அவர் சொன்ன கணக்குக்குக் கட்டுப்படும்.

அந்தப் பேரை உரசிப் பார்க்க வந்து சேர்ந்தவர் டிக்கெட் பரிசோதகர். முப்பத்து நாலு வருஷம் ரயிலில் டிக்கெட் பார்த்தவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும், வீட்டுக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் சட்டைப் பையைத்தான் பார்ப்பார். அவர் வீட்டு ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் பதினாலு ஹாலோஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் ஐம்பது வாட், கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன. மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்.

"கடைக்காரன் இருபத்திரெண்டு லைட்டு வேணும்னு எழுதிக் கொடுத்தான். நீ பதினாலே போதும்ங்கற. விக்கிறவன் குறைச்சு விக்கிறான்னா அதுல என்னமோ இருக்கு."

"ஒண்ணுமில்ல சார். ஏற்கெனவே இருக்கிற ஓட்டை பதினாலு. ஹாலுக்கு அது தாராளம்."

"அப்ப மிச்சம் எட்டு லைட்டு எங்க போகுது?"

"வாங்கவே வாங்காத லைட்டு எங்க சார் போகும்?"

"அதைத்தான்யா நானும் கேக்கறேன்."

வாட்டுக்காரரிடம் ஒரு பிளைவுட் பெட்டி உண்டு. அதில் மூன்று விளக்குகள்: பால்வெள்ளை, நடுவாந்தரம், மஞ்சள். யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னலை மூடிவிட்டு, ஒரு நாளிதழைக் கையில் கொடுத்து, மூன்றுக்கும் அடியில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார். கண் எதைக் கேட்கிறதோ அதுதான் விளக்கு, வாட் அப்புறம், என்பது அவருடைய கொள்கை. பரிசோதகர் மூன்றுக்கும் அடியில் உட்கார்ந்தார். ஆனால் நாளிதழைப் பார்க்கவில்லை, வாட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எதுக்கு உனக்குக் கமிஷன் ஜாஸ்தி?"

கடைசியில் நடுவாந்தரத்தைத் தேர்ந்தெடுத்தது பரிசோதகரின் மனைவி. சமையலறை வாசலில் நின்றபடி, "அது கண்ணுக்குக் குளுமையா இருக்குங்க" என்றார். அந்த அம்மா அன்று பேசியது அவ்வளவுதான்.

வாட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் கணக்கு சொல்வார். "ஒரு லைட்டு ஏழு வாட் சார். பதினாலுக்கும் சேர்த்தா நூறுகூட வராது. இப்ப எழுநூறு ஓடுது. அறுநூறு மிச்சம். தினம் அஞ்சு மணி நேரம் போட்டா மூணு யூனிட். மாசத்துக்குத் தொண்ணூறு யூனிட் குறையும். குறையலைன்னா நானே வந்து கழட்டி எடுத்துட்டுப் போறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். தெருக்கோடியில் ஒரு டாக்டர் புது ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது விளக்கு வேலை. டாக்டர் சிரித்துக்கொண்டே, "பரிசோதகர் வீட்டு மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு உங்களைக் கூப்பிடறேன். அவரே சரின்னு சொல்லிட்டா அப்புறம் யாரும் சோதிக்க வேண்டியதில்லை" என்றிருந்தார். அந்த வேலை கிடைத்தால் வாட்டுக்காரரின் குடும்பத்துக்கு ஒரு வருஷக் கவலை தீர்ந்தது. கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

வேலையைச் செய்து முடித்தது அவருடைய மச்சான். மனைவியின் தம்பி, பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறவன். இடதுகைக்காரன். மூன்று நாளில் பதினாலு விளக்கையும் பதித்துவிட்டு வந்தான். வரும்போது வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம். அதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதகரிடமிருந்து போன் வந்தது. "வாய்யா. வந்து நீயே பாரு."

ஹாலில் நுழைந்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார். "தொண்ணூறு குறையும்னு சொன்ன. தொண்ணூறு ஏறியிருக்கு. உன் கணக்கு சரிதான், திசைதான் தப்பு."

வாட்டுக்காரர் மீட்டரைப் பார்த்தார், பழைய பில்லைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். சந்தேகமே இல்லை, ஏறியிருந்தது. முதலில் அவர் பரிசோதகரையே சந்தேகப்பட்டார். விளக்கை ஓசியில் அடித்துக்கொள்ள மனிதர் வேண்டுமென்றே எதையாவது ஓடவிட்டிருப்பாரோ? அடுத்து, டப்பாவில் ஒன்றை எழுதி உள்ளே வேறொன்றை வைத்துத் தன் தலையில் கட்டிவிட்டானோ என்று கடைக்காரன் மேல் சந்தேகம் போனது. ஏணியைப் போட்டு ஒவ்வொரு விளக்காகக் கழற்றினார். கையோடு கொண்டுவந்த சின்ன மீட்டரில் செருகிப் பார்த்தார். ஏழு வாட். ஏழு. ஏழு. கடைக்காரன் யோக்கியன்.

"தம்பி, சீலிங் முழுக்கப் பிரிக்கணுமா?" என்று கேட்டபடி பரிசோதகரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். பாதித் தண்ணீர் தட்டில் இருந்தது.

"பிரிக்கட்டுமே. உனக்கென்ன?" என்றார் பரிசோதகர்.

எட்டாவது விளக்கு சமையலறைக்குப் போகிற நடையின் மேல் இருந்தது. அதைக் கழற்றி ஓட்டைக்குள் கையை விட்டவர் சட்டென்று நிறுத்தினார். விரலில் ஒரு வயர் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. விளக்குகள் எல்லாம் அணைந்திருக்கிற பகல் நேரத்தில் விளக்கு வயர் சுடக் கூடாது. டார்ச்சை அடித்துப் பார்த்தார். அவர் போடச் சொல்லாத ஒரு ஜாயின்ட், அதிலிருந்து வீட்டின் பின்பக்கம் நோக்கி ஓடுகிற ஒரு புது வயர்.

ஜாயின்டில் சுற்றியிருந்த டேப்பின் மேல் டார்ச்சை நிறுத்தினார். எல்லாரும் சுற்றுகிற பக்கம் சுற்றாமல் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இந்தப் பக்கத்தில் இடதுகையால் டேப் சுற்றுகிறவன் ஒரே ஒருத்தன். அவனுக்கு வாட்டுக்காரரின் மனைவி கையால்தான் தினமும் சாப்பாடு.

வயரை மெல்ல இழுத்து, கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டினார். நாலேகால் ஆம்பியர். ஆயிரம் வாட். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட், மாதம் நூற்றெண்பது. விளக்கில் மிச்சமான தொண்ணூறைக் கழித்தால், ஏறியது தொண்ணூறு. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

"என்னய்யா, அவ்வளவு நேரம் ஓட்டைக்குள்ள என்ன பாக்கற?"

"பல்லி சார்."

"பல்லி எத்தனை வாட்?"

வாட்டுக்காரர் விளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கினார். அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் அவர் பேர் தப்பியிருக்கும். ஆனால் சொல்ல வேண்டியது தன் வீட்டு ஆளைப் பற்றி. "ரெண்டு நாள் டைம் கொடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். பரிசோதகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "டாக்டர் வேற நேத்து விசாரிச்சார். இந்த வாரமே ஆளை முடிவு பண்ணப்போறாராம்" என்றார்.

வீட்டு முன்னறைதான் அவர்களுடைய பட்டறை. மச்சான் அங்கே தரையில் உட்கார்ந்து வயர் முனைகளைச் சீவிக்கொண்டிருந்தான். வாட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பரிசோதகர் வீட்டு சீலிங்குக்குள்ள ஒரு வயர் ஓடுதே, அது எங்க போகுது மாப்ள?"

மச்சானின் கை நின்றது. "அதை என்கிட்ட கேக்காதீங்க அத்தான்."

"வேற யார்கிட்ட கேக்கட்டும்? பல்லிகிட்டயா?"

"சொல்ல முடியாது. சொல்ற மாதிரி இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

தொழிலில் இப்படி ஒரு திருட்டு உண்டு. ஒருவன் வீட்டு லைனிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஓசைப்படாமல் ஒரு வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு, அவனிடம் மாதாமாதம் வாங்கித் தின்பது. வாட்டுக்காரர் அதைத்தான் நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. "பன்னெண்டு வருஷம் என் கூட இருந்துட்டு, அடுத்தவன் கரண்டைத் திருடி விக்கிறியா? திருட்டுப் பயலே!" என்று கத்திவிட்டார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நின்றார். தம்பியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "யாரைப் பாத்து என்ன வார்த்தை சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர், அன்று முழுக்க அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் எழுந்து கத்தரியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தான். அவன் கோபப்பட்டிருந்தால் வாட்டுக்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கோபப்படவே இல்லை.

"நீங்களே போய்ப் பாருங்க அத்தான். நாலு மணிக்குப் போங்க. சார் வாக்கிங் போற நேரம். அவர் இருக்கும்போது மட்டும் பாக்காதீங்க" என்றான்.

சந்தேகத்துக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? வாட்டுக்காரர் இரவு முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தார்.

மறுநாள் நாலு மணிக்குப் போனார். கதவைத் திறந்த அந்த அம்மா, அவர் தனியாக வந்திருப்பதைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார். வாட்டுக்காரர் சீலிங்கில் வயர் போகிற திசையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே நடந்தார். நடை, சமையலறை, பின்கதவு. கொல்லையில் வண்டி நிறுத்துகிற கொட்டகை. அதன்மேல் ஓர் அறை, அதற்கு இரும்புப் படிக்கட்டு. வயர் சுவரோரமாக ஏறி அந்த அறைக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை.

அவர் முதல் படியில் காலை வைத்ததும் அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வேண்டாம். நானே சொல்லிடறேன்."

மேலே இருந்தது அவர்கள் மகன். ஒரே மகன். அப்பா சிபாரிசு பிடித்து வாங்கிக் கொடுத்த வேலையை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டு, நண்பர்களோடு தொழில் தொடங்கப் போனான். "இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே" என்றார் அப்பா. அதோடு விட்டாரா? அவன் இருந்த அந்த மாடி அறைக்குப் போன வயரையே தன் கையால் பிடுங்கிப் போட்டார். தொழில் நாலே மாதத்தில் மூழ்கியது. ஈரமான ஏதோ ஓர் அறையில் கிடந்து நெஞ்சில் சளி கட்டி, போன மாதம் ஒரு பகலில் பின்கதவு வழியாக அம்மாவிடம் வந்து நின்றான்.

"அன்னிக்கு உங்க மச்சான்தான் இங்க வேலை செஞ்சிட்டிருந்தார். நான்தான் கெஞ்சினேன். குளிருல பிள்ளை விடிய விடிய இருமறான், ஒரு ஹீட்டர் போடணும், அவருக்குத் தெரியாம ஒரு லைன் கொடுங்கன்னு கேட்டேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டேன். உங்ககிட்டகூட."

வாட்டுக்காரருக்கு முகம் சுட்டது. நேற்று தன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை காதில் திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் கூடவே கோபமும் வந்தது. அவர் அப்படிப்பட்ட ஆள்.

"அம்மா, அது லைட்டுக்குப் போட்ட மெல்லிசு வயர். மணிக்கணக்கா ஹீட்டரை இழுத்தா அந்த ஜாயின்ட் தாங்காது. சீலிங்குக்குள்ள தீப்பிடிச்சா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

"ஒண்ணாம் தேதி அவனுக்கு வேற ஊர்ல வேலை. ஆர்டர் வந்துடுச்சு. வேலையில சேந்துட்டு வந்து அப்பா முன்னாடி நிக்கறேன், இப்படிச் செத்த மூஞ்சியோட நிக்கமாட்டேன்னு சொல்றான். இன்னும் இருபது நாள்தான் தம்பி. உங்க பேரு கெடுதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்க இருபது நாளுக்கு என்னோட இருபது வருஷத்தைக் கேக்கறீங்களேம்மா."

மேலே யாரோ இருமலை அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் விட்டார்கள். பாதிப் படிக்கட்டு ஏறி எட்டிப் பார்த்தார் வாட்டுக்காரர். கதவு பாதி திறந்திருந்தது. சுவரில் ஒரு பழைய ட்யூப்லைட் பகலிலேயே வெளேரென்று எரிந்தது. அதன் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓர் இளைஞன், ஒரு கையால் கண்ணை மறைத்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஹீட்டர் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

தெரு முனையில், தபால் பெட்டிக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். வாக்கிங் போகிற மனிதரின் செருப்பில் ஒரு துளி தூசி இல்லை. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்டுக்காரர் ஒளிந்து போயிருக்கலாம். ஆனால் பரிசோதகர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

"என்னய்யா, நான் இல்லாத நேரமா பாத்து என் வீட்டுக்குப் போயிட்டு வர?"

வாட்டுக்காரருக்கு இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரி வேலை கைக்கு வரும், பேர் தப்பும். ஆனால் அந்த இருமல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. "தப்பு என்னோடதுதான் சார்" என்றார். "லைட்டுக்குள்ள கரண்டை மாத்திக் கொடுக்கிற டிரைவர் மோசமான சரக்கு. கரண்டை ஜாஸ்தி இழுக்குது. எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போறேன்."

பரிசோதகர் அவர் கையைப் பார்த்தார். "டிக்கெட் இல்லாதவன் என்ன பண்ணுவான் தெரியுமா? எல்லாப் பையையும் தட்டித் தட்டிப் பாப்பான். நீ இப்ப உன் டூல்ஸ் பையைத் தட்டிக்கிட்டு நிக்கற."

வாட்டுக்காரர் கையை எடுத்தார்.

"மேல போனியா?"

வாட்டுக்காரர் தபால் பெட்டியைப் பார்த்தார்.

"இருமல் குறைஞ்சிருக்கா?"

வாட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"முதல் நாளே தெரியும். ஓடற வண்டியில டாய்லெட்டுக்குள்ள ஒளிஞ்சவனைக் கதவைத் திறக்காமலே கண்டுபிடிச்சவன்யா நான். மூணு வயசுல இருந்து கேக்கற இருமல். அது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு சார் என் மேல பாயறீங்க?"

"பாயாம இருந்தா அவளுக்குச் சந்தேகம் வந்துடும். தொண்ணூறு யூனிட் ஏறி நான் சும்மா இருந்தா, இந்த மனுஷனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அன்னிக்கே புரிஞ்சுக்குவா. நான் உன்னோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தாத்தான் அவ நிம்மதியா அவனுக்குச் சோறு கொண்டுபோவா." கடிகாரத்தை மறுபடி பார்த்தார். "அதுக்குத்தான் தினம் இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன். வாக்கிங்காம்."

"நீங்களே கூப்பிட்டுடலாமே சார்."

"போடான்னு சொன்ன வாய் இது. வான்னு சொல்ல வரமாட்டேங்குது." கடிகாரத்தின் வாரை இறுக்கினார். "அந்த வயர் தாங்குமா?"

"தாங்காது சார்."

"தாங்கற மாதிரி போடு. நாளைக்கு நாலு மணிக்கு வந்து போட்டுடு. அங்க என்ன லைட்டு எரியுது?"

"பழைய ட்யூப்லைட்."

"வெள்ளையா?" பரிசோதகர் முகத்தைச் சுளித்தார். "அவனுக்கு வெள்ளை வெளிச்சம் ஆகாது, தலைவலி வந்துடும். பத்தாவது படிக்கும்போது என்கிட்ட மட்டும் சொன்னான். அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, கண்ணாடி போடச் சொல்லுவாங்கன்னான். நான் சொல்லல. கடைக்குப் போய் ஒரு மஞ்சள் பல்பு வாங்கிட்டு வந்து மாட்டினேன். உன் பெட்டியில மஞ்சளா ஒண்ணு இருந்துச்சே, அதுல நல்லா உள்ள அமுங்கினதா, படுத்தா கண்ணுல அடிக்காத மாதிரி ஒண்ணு பாத்துப் போடு."

"யார் போடச் சொன்னாங்கன்னு கேட்டா?"

"அவங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

வாட்டுக்காரர் எழுந்தார். கேட்காமல் போக மனசு வரவில்லை. "டாக்டர் சார் இந்த வாரமே முடிவு பண்றாரே..."

"தெரியும்." பரிசோதகர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "டாக்டர் சம்சாரமும் இவளும் நாளுக்கு நாலு தடவை பேசிக்கிறவங்க. உன் லைட்டு நல்ல லைட்டுன்னு நான் அங்க சொன்னா, சாயங்காலத்துக்குள்ள இவ காதுக்கு வந்துடும். இருபது நாளைக்கு நீ கெட்டவனாவே இருய்யா. நாளைக்கு அஞ்சு மணிக்கு ஹாலுக்கு வா. அவ காதுல விழற மாதிரி உன்னைத் திட்டறேன்."

இப்படி ஒரு அழைப்பை யாராவது ஏற்றுக்கொள்வார்களா? வாட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வழியெல்லாம் தன்னைத்தானே முட்டாள் என்று திட்டிக்கொண்டார்.

வீட்டில் மச்சானிடம், "நான் சொன்னது தப்பு மாப்ள" என்றார். வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அக்காகிட்டயும் சொல்லிடுங்க. எனக்கே ரெண்டு நாளா சோத்துல உப்பு இல்ல" என்றான் மச்சான். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் மெதுவானது.

மறுநாள் நாலு மணிக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். ஹாலில் இருந்த மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து கொட்டகை மாடி வரைக்கும் தனியாகக் கனமான வயர் இழுத்தார்கள். சீலிங்குக்குள் இருந்த ஜாயின்டை மச்சான் தன் கையாலேயே பிரித்து எடுத்தான். மாடி அறையின் தகரக் கூரைக்குக் கீழே பிளைவுட் அடித்திருந்தது. அதில் வாட்டுக்காரர் ஒரே ஒரு ஓட்டை போட்டார். ஐந்து வாட், மஞ்சள், விளக்கின் முகம் நாலு விரல் உள்ளே தள்ளி இருக்கும். கட்டிலில் படுத்து அண்ணாந்து பார்த்தாலும் வெளிச்சம்தான் தெரியும், விளக்கு தெரியாது. மகன் அறைக்குள் இருக்கும்போதே அவர் கட்டிலில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

ட்யூப்லைட்டை அணைத்துப் புது விளக்கைப் போட்டதும், மகன் கண்ணுக்கு மேல் வைத்திருந்த கையை எடுத்தான். சுவரைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"இந்த லைட்டை யார் போடச் சொன்னாங்க அண்ணே?"

"அம்மாதான்."

"இதே மாதிரி மஞ்சளாவா?"

"ஆமா தம்பி. மஞ்சளா, கண்ணுல அடிக்காத மாதிரி."

"அம்மாவுக்கு அது தெரியாதே" என்றான் அவன். சொல்லிவிட்டு வாட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஓட்டை போட்டபோது விழுந்த மரத்தூளை மிகவும் அக்கறையாகப் பெருக்கினான். "அதை நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கேன்."

கீழே முன்கதவு திறந்தது. மணி ஐந்து. பரிசோதகரின் குரல் வீட்டைத் தாண்டிக் கொல்லை வரைக்கும் வந்தது. "எங்கய்யா அந்த வாட்டுக்காரன்? வரச்சொல்லு அவனை! தொண்ணூறு குறையும்னு சொல்லி என்னை ஏமாத்தினான் இல்ல?"

"நான் போகணும் தம்பி" என்றார் வாட்டுக்காரர். "திட்டு வாங்கற நேரம்."

"எத்தனை நாளா அவருக்குத் தெரியும்?"

"எனக்கு லைட்டைப் பத்தி மட்டும்தான் தெரியும் தம்பி." அதற்கு மேல் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

மகன் எழுந்தான். பிறகு ஹீட்டரை அணைத்தான். கம்பளியை மடித்துக் கட்டிலில் வைத்தான், சட்டையைப் போட்டு எல்லாப் பொத்தானையும் மாட்டினான். ஒரு பொத்தானை இரண்டு முறை மாட்ட வேண்டியிருந்தது.

"அந்தத் திட்டு எனக்கு வரவேண்டியது அண்ணே. நீங்க இங்கயே இருங்க, நான் போய் வாங்கிக்கறேன்."

இரும்புப் படிக்கட்டில் அவன் காலடிச் சத்தம் மறைக்காமல் கேட்டது. கீழே பின்கதவருகே அந்த அம்மா "டேய்" என்று ஏதோ சொல்ல வந்தார். அவன் நிற்கவில்லை. ஹாலில் பரிசோதகர் தெருவுக்கே கேட்கிறபடி வாட்டுக்காரரின் தொழிலை, கடையை, பிளைவுட் பெட்டியை எல்லாம் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது.